ஏபிள் டேஞ்சர்: அமர்வில் சொன்னது என்ன, செய்தியில் வந்தது என்ன

கேள்வி: அமெரிக்க ராணுவத்தின் ‘ஏபிள் டேஞ்சர்’ உளவுத் திட்டம், செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே, விமானக் கடத்தல்காரர்களின் தலைவன் முகமது அட்டாவைக் கண்டுபிடித்துவிட்டது என்று 2005-ஆம் ஆண்டுச் செய்திகள் சொல்கின்றன. அப்படி எதுவுமே இல்லை என்று 2006-ஆம் ஆண்டுச் செய்திகள் சொல்கின்றன. நடுவில் செனட் விசாரணையும் நடந்திருக்கிறது. விசாரணை நடந்த பிறகும் ஏன் இந்தக் குழப்பம்? எதை நம்புவது?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தில் வரைந்த, அட்டாவின் பெயரோ படமோ இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்பு வரைபடம், அதாவது ‘சார்ட்’, இன்றுவரை கிடைக்கவில்லை. அதைத் தேடிய அதிகாரபூர்வ ஆய்வுகள், அப்படி ஒன்று இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தன. நானும் அதையே ஏற்கிறேன். ஆனால் உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சார்ட் மட்டும் இல்லை. செனட் அமர்வில் பேசப்பட்டதும் அதைப் பற்றி எழுதப்பட்டதும் ஒன்றாக இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. போலீஸ் செய்வதும் விசாரணை, நீதிமன்றத்தில் நடப்பதும் விசாரணை, கமிஷன் நடத்துவதும் விசாரணை. செனட் குழு சாட்சிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதையும் ‘விசாரணை’ என்றே எழுதுகிறோம். அதனால் கடைசியில் ஒரு தீர்ப்பு வரும் என்று மனம் எதிர்பார்க்கிறது. செனட் குழுவின் அமர்வில் தீர்ப்பு கிடையாது. சாட்சி தன் எழுத்துரையை வாசிப்பார், உறுப்பினர்கள் ஆளுக்குச் சில நிமிடம் கேள்வி கேட்பார்கள், பேசியது பதிவாகும், அவ்வளவுதான். எது உண்மை என்று அன்றைக்கு யாரும் முடிவு செய்வதில்லை. ஆகவே ‘செனட் விசாரணையில் அம்பலம்’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், ‘செனட் குழு முன்பு ஒருவர் சொன்னார்’ என்று மாற்றிப் படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

திட்டம் என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். 1999 அக்டோபரில் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைமையகம் இதைத் தொடங்கியது. அல்-காயிதாவின் வலைப்பின்னலை எங்கே தாக்கினால் அறுக்கலாம் என்று திட்டமிடுவதுதான் வேலை. அதற்காகத் தரவு அகழ்வு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். இணையத்திலும் பிற பொதுத் தரவுத்தளங்களிலும் கிடைப்பதை மொத்தமாக அள்ளி, ரகசியக் கோப்புகளோடு சேர்த்து, யார் யாரோடு தொடர்பு என்று கணினியைக் கொண்டு கோடு போடவைப்பது. ஆரம்பத்தில் இந்த வேலை வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாய்ரில், தரைப்படையின் தகவல் போர்ப் பிரிவில் நடந்தது. அங்கே நிறுத்தப்பட்ட பிறகு டெக்ஸாஸின் கார்லண்டுக்குப் போனது. 2001 தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இதிலிருந்து வந்தவைதான் சார்ட்கள்: முகங்களும் பெயர்களும் கோடுகளால் பின்னப்பட்ட, சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய தாள்கள்.

இனி, செய்தி நடந்து வந்த பாதை. 2005 ஜூனில் பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் வெளிவரும் ஓர் உள்ளூர் நாளிதழ் இதை முதலில் எழுதியது. அம்மாநிலத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கர்ட் வெல்டன் சொன்னதன் அடிப்படையில் வந்த செய்தி அது. ஜூன் 27 அன்று வெல்டன் இதையே சபையில் பேசினார். அன்றாட அலுவல் முடிந்த பிறகு உறுப்பினர்கள் தனியாகப் பேச ஒதுக்கப்படும் நேரம் அது. அங்கே சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. சபையில் பேசியதற்காக உறுப்பினர் மீது அவதூறு வழக்கும் போட முடியாது. அதே மாதம் அவர் எழுதிய புத்தகம் ஒன்றும் வெளியாகியிருந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆறு வாரம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆகஸ்டில் அரசுப் பாதுகாப்பு சார்ந்த ஒரு தொழில் இதழ் எழுதியது. ஆகஸ்ட் 9 அன்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அட்டா, மர்வான் அல்-ஷெஹி, காலித் அல்-மிதார், நவாஃப் அல்-ஹஸ்மி ஆகிய நான்கு கடத்தல்காரர்களும் 2000-இலேயே அல்-காயிதாவோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தார்கள் என்பது சாரம். ஆதாரம் யார் என்று பார்த்தால், வெல்டனும் பெயர் வெளியிட விரும்பாத ஒரு முன்னாள் உளவு அதிகாரியும். அந்த அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஆந்தனி ஷாஃபர் என்று ஒரு வாரம் கழித்து அவரே வெளியே வந்து சொன்னார்.

இங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. உள்ளூர் நாளிதழ், சபைப் பேச்சு, தொழில் இதழ், பெரிய நாளிதழ் என்று நான்கு இடத்தில் வந்ததும், நான்கு பேர் தனித்தனியாக உறுதி செய்தது போலத் தோன்றும். ஊற்று ஏறக்குறைய ஒன்றுதான், குழாய்தான் நான்கு. ராணுவ உளவு பற்றிய எந்தச் செய்தியிலும் இந்த ஊற்றை எண்ணும் வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

எதிர்த்தரப்பும் சொதப்பியது. அந்தத் தாக்குதலை ஆராய அமைக்கப்பட்ட செப்டம்பர் 11 ஆணையத்தின் சார்பில் பேசியவர்கள், அட்டா பெயரை யாரும் எங்களிடம் சொன்னதே இல்லை என்றார்கள். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏபிள் டேஞ்சரில் வேலை பார்த்த கடற்படை அதிகாரி ஸ்காட் ஃபில்பாட் 2004 ஜூலை 12 அன்று ஆணைய ஊழியர்களைச் சந்தித்து, 2000-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு சார்ட்டில் அட்டாவைப் பார்த்த நினைவு இருப்பதாகச் சொல்லியிருந்தார். ஆணையத்தின் அறிக்கை வெளியானது ஜூலை 22. இடையில் பத்தே நாள். அவரிடம் ஆவணம் எதுவும் இல்லை, அட்டா அமெரிக்க விசா வாங்கியது 2000 மே மாதம், வந்து இறங்கியது ஜூன் 3. ஆகவே அவர் சொன்னதை நம்பகமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆணையத்தின் தலைவர்கள் விளக்கம் தந்தார்கள். விளக்கத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் முதலில் மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டதால், ‘மூடி மறைக்கிறார்கள்’ என்ற செய்திக்குத் தீனி கிடைத்துவிட்டது.

2005 செப்டம்பர் 1 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது. 80 பேரிடம் கேட்டோம், அவர்களில் ஐந்து பேருக்கு அட்டாவின் படமோ பெயரோ இருந்த சார்ட்டைப் பார்த்த நினைவு இருக்கிறது, சார்ட் மட்டும் கிடைக்கவில்லை என்றார்கள். இந்த ஒரே விவரத்தை வைத்து ‘ஐந்து பேர் உறுதி செய்தனர்’ என்றும் எழுதலாம், ‘ஆதாரம் இல்லை: பென்டகன்’ என்றும் எழுதலாம். இரண்டு விதமாகவும் வந்தது. நேர்மையாக எழுதினால் அது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்: ஐந்து பேருக்கு நினைவு இருக்கிறது, தாள் கிடைக்கவில்லை.

இப்போது செப்டம்பர் 21-க்கு வருவோம். செனட் நீதித்துறைக் குழு, தலைவர் ஆர்லன் ஸ்பெக்டர். ஷாஃபர், ஃபில்பாட், ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்மித் ஆகியோர் சாட்சி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். திறந்த அமர்வில் பேசக் கூடாது என்று பென்டகன் தன் ஆட்களைத் தடுத்துவிட்டது. அன்றைய செய்தி முழுக்க இந்தத் தடையைப் பற்றித்தான். அது செய்திதான், மறுக்கவில்லை. குழுவின் பணியையே தடுக்கும் செயலாக இது ஆகலாம் என்று ஸ்பெக்டர் கடுமையாகவே பேசினார். ஆனால் வராதவர்களைப் பற்றி எழுதிய வேகத்தில், வந்தவர்கள் சொன்னது பின்னுக்குப் போய்விட்டது.

வந்தவர்களில் ஒருவர் மார்க் ஜெய்ட். ஷாஃபருக்கும் ஸ்மித்துக்கும் வழக்கறிஞர். அவர்கள் சார்பில் பேசினார். அவர் அங்கே இரண்டு விஷயத்தைத் திட்டவட்டமாகத் தெளிவுபடுத்தினார். அட்டா அமெரிக்க மண்ணில் இருக்கிறான் என்று ஏபிள் டேஞ்சர் எப்போதும் கண்டறியவில்லை. கிடைத்த தகவலை வைத்து ஒரு குற்றம் நடந்ததாகவோ, குறிப்பிட்ட தாக்குதல் திட்டமிடப்படுவதாகவோ யாரும் சொல்லியிருக்க முடியாது. இருந்தவை ஒருவரோடு ஒருவருக்குத் தொடர்பு என்ற அளவிலான இணைப்புகள்தான். இதைச் சொன்னவர் எதிர்த்தரப்பு ஆள் இல்லை, முக்கியச் சாட்சியின் சொந்த வழக்கறிஞர். ‘ராணுவத்துக்கு முன்பே தெரியும்’ என்ற கதையை, அதைக் கிளப்பிய தரப்பே அன்றைக்கு அவ்வளவு தூரம் சுருக்கிவிட்டது. தலைப்பில் வந்திருக்க வேண்டிய செய்தி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இது ஆணையத்தின் தேதிக் கணக்கையும் கொஞ்சம் பலவீனப்படுத்துகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜூன் 3-க்கு முன் அவன் அமெரிக்காவிலேயே இல்லையே என்ற மறுப்பு, அவன் இங்கே இருந்தான் என்று சொன்னவர்களுக்குத்தான் பதில். பெயர் சார்ட்டில் இருந்தது என்று மட்டும் சொன்னவர்களுக்கு அது முழுப் பதில் ஆகாது.

இன்னொரு சாட்சி எரிக் கிளைன்ஸ்மித். ஃபோர்ட் பெல்வாய்ரில் ஆய்வுப் பிரிவை நடத்திய மேஜர்; அமர்வின்போது ராணுவத்தை விட்டு விலகியிருந்தார். சார்ட்டில் அட்டாவைப் பார்த்ததாகச் சொல்பவர்களின் வார்த்தையை நம்பலாமா என்று ஸ்பெக்டர் கேட்டார். கிளைன்ஸ்மித்தின் பதிலில் இரண்டு பாதி இருந்தது. அவர்களோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் அவர்களை முழுமையாக நம்புகிறேன் என்பது ஒரு பாதி. ஆனால் எந்தச் சார்ட்டிலும் அவன் பெயரையோ படத்தையோ பார்த்த நினைவு எனக்கு இல்லை, அதனால் அதை நான் உறுதிப்படுத்த முடியாது என்பது மறு பாதி. முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் ‘முன்னாள் மேஜர் ஆதரவு’. இரண்டாவதை மட்டும் எடுத்தால் ‘முன்னாள் மேஜர் மறுப்பு’. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அவர் சொன்ன உண்மை கிடைக்கும்: சகாக்களின் நாணயத்துக்குச் சான்று தருகிறார், சார்ட்டுக்குச் சான்று தரவில்லை.

அவர் தந்த வேறொரு சாட்சியம்தான் உலகம் முழுக்கப் பறந்தது. 2000-ஆம் ஆண்டு, மேலிருந்து வந்த உத்தரவுப்படி, சுமார் 2.5 டெராபைட் தரவை அழித்தோம் என்றார். இது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அச்சுத் தொகுப்பில் கால் பங்குக்குச் சமம் என்ற ஒப்பீடும் கூடவே ஒட்டிக்கொண்டது. கேட்பவருக்கு, யாரோ பதறிப்போய் அலமாரி அலமாரியாகக் கோப்புகளைக் கொளுத்திய காட்சி கண்ணில் வரும். உண்மையில் அதில் பெரும்பகுதி இணையத்திலிருந்து வலை போட்டு இழுத்த மூலத் தரவு. ராணுவ உளவு அமைப்புகள் சொந்த நாட்டவரைப் பற்றிய தகவலைச் சேகரிப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. 1981-இல் ரீகன் கையெழுத்திட்ட 12333-ஆம் எண் நிர்வாக ஆணையும், அதன்கீழ் பாதுகாப்புத் துறை வகுத்த விதிகளும் அதற்கு அடிப்படை. அன்றைய விதிப்படி, தற்செயலாகச் சிக்கிய அமெரிக்கர்களின் தகவலை 90 நாளுக்குள் பார்த்து, வைத்துக்கொள்ளச் சட்டப்படி காரணம் இருக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் அழிக்க வேண்டியிருந்தது. வலை போட்டு மொத்தமாக இழுக்கும்போது லட்சக்கணக்கான பெயர்களில் எது அமெரிக்கர், எது இல்லை என்று 90 நாளில் பிரிப்பது நடக்கிற காரியமா? நடக்காது. அதனால் மொத்தமாகவே அழித்தார்கள். 1960-களின் கடைசியில் அமெரிக்கத் தரைப்படை போர் எதிர்ப்பாளர்களைச் சாதாரண உடையில் ஆள் அனுப்பி வேவு பார்த்ததும், அதைப் பற்றி செனட்டர் சாம் எர்வினின் குழு 1971-இல் அமர்வு நடத்தியதும் இந்த மாதிரி விதிகளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு. குடிமக்களைக் காக்கப் போட்ட வேலி அது. அந்த வேலி தரவு அகழ்வு காலத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் 2005-இல் விவாதித்திருக்க வேண்டிய கேள்வி. பொதுமக்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய ஒரு விவாதம் கையில் இருந்தும், பெரும்பாலான செய்திகள் ‘அழித்தார்கள்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டன.

மஞ்சள் ஒட்டுத்தாள் கதையும் இந்த வகைதான். ராணுவ வழக்கறிஞர்கள் அட்டாவின் படத்தின் மீது மஞ்சள் தாள் ஒட்டி மறைத்தார்கள், சட்டபூர்வமாக அமெரிக்காவில் இருப்பவரைத் தொடக் கூடாது என்றார்கள் என்று சொல்லப்பட்டது. காட்சியாகச் சொல்ல வசதியானது என்பதால் திரும்பத் திரும்ப வந்தது. விதியை எடுத்துப் பார்த்தால், அந்தப் பாதுகாப்பு முக்கியமாகக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்களுக்கும். தற்காலிக விசாவில் வந்த அட்டா அந்த வரையறைக்குள் வரவே மாட்டான். வழக்கறிஞர் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அது தவறான ஆலோசனை. சொல்லவில்லை என்றால் கதை தவறு. எப்படியானாலும், விதிப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தால் தெரியக்கூடிய விஷயம் இது.

சாட்சிகள் மீது பென்டகன் போட்ட தடைக்குப் பின்னால் இருந்த அதிகார எல்லைச் சண்டையும் செய்திகளில் சரியாக வரவில்லை. பாதுகாப்புத் துறையை மேற்பார்வை செய்வது ஆயுதப் படைகள் குழுவும் உளவுக் குழுவும். நீதித்துறைக் குழுவின் பிடி எஃப்பிஐ மீதுதான். ஸ்பெக்டர் இதைக் கையில் எடுத்த கோணமும் அதுவே: உள்நாட்டுச் சட்டம் ஒழுங்கு வேலையில் ராணுவத்தை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் பழைய சட்டம், ராணுவத்திடம் இருந்த தகவல் எஃப்பிஐக்குப் போகாமல் தடுத்ததா? எஃப்பிஐயோடு ஏற்பாடு செய்த சந்திப்புகள் வழக்கறிஞர்களால் ரத்தாகின என்று ஷாஃபர் சொல்லிவந்தார். எந்தக் குழு கூப்பிடுகிறது, அந்தக் குழுவுக்கு அந்தத் துறை மீது அதிகாரம் உண்டா, சாட்சி அழைப்பின் பேரில் வருகிறாரா, சம்மன் பேரிலா என்ற மூன்றையும் செய்தி சொல்லவில்லை என்றால், யாரோ வரவில்லை என்பதற்கு நீங்கள் எந்த அர்த்தமும் கொடுக்க முடியாது. அக்டோபர் 5-க்கு அறிவிக்கப்பட்ட அடுத்த அமர்வு நடக்கவே இல்லை.

பென்டகன் அன்றைக்குத் தன் ஆட்களைப் பேசவிட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ரகசியத்தைக் காக்க மூடிய அமர்வு என்ற வழி இருக்கிறது. பிரதிநிதிகள் சபையின் ஆயுதப் படைகள் துணைக்குழுக்கள் 2006 பிப்ரவரி 15 அன்று திறந்த அமர்வு, மூடிய அமர்வு இரண்டையும் நடத்தின. ஷாஃபரும் ஸ்மித்தும் அங்கே பேசினார்கள். பாதுகாப்புத் துறையின் உளவுப் பிரிவுத் துணைச் செயலாளர் ஸ்டீபன் கேம்போன் ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். அந்தச் சார்ட்டில் ஸ்மித்திடம் இருந்த பிரதி, 2004-இல் அலுவலகச் சுவரிலிருந்து எடுக்கும்போது கிழிந்து போனதாக அவர் சொல்லியிருந்தார். செப்டம்பர் அமர்வுக்குச் செய்தித்தாள்களில் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்த அமர்வுக்குக் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு 2006 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலின் (துறைக்குள் முறைகேடுகளை ஆராயும் அதிகாரி) அறிக்கை. ஏபிள் டேஞ்சர் அட்டாவையோ மற்றக் கடத்தல்காரர்களையோ அடையாளம் காணவில்லை. தரவை அழித்தது விதிப்படி நடந்தது. எஃப்பிஐ போன்ற அமைப்புகளோடு தகவல் பகிர யாரும் தடை போடவில்லை. சாட்சிகள் வேறொரு சார்ட்டை நினைவில் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றும் அது சொன்னது. 1999-இல் செய்த, அல்-காயிதா ஆட்களின் முகங்கள் இருந்த, ஆனால் அட்டா இல்லாத சார்ட் அது. இன்ஸ்பெக்டர் ஜெனரல் அந்தத் துறைக்குள் இருப்பவர்தானே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் செனட் உளவுக் குழு தனியாகப் பதினாறு மாதம் ஆராய்ந்து, 2006 டிசம்பரில் அட்டா விஷயத்தில் அதே முடிவைத்தான் சொன்னது. அந்தச் செய்தி வந்தது கிறிஸ்துமஸ் வாரத்தில். ஆகஸ்டில் பெரிய தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும்? 2,977 பேர் இறந்த ஒரு நாளைப் பற்றி, ‘தடுத்திருக்கலாம், தடுக்காமல் விட்டார்கள்’ என்று ஒரு குடும்பத்தை நம்பவைத்துவிட்டு, திருத்தத்தை உள்பக்கத்தில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், செய்தியை விட்டுவிட்டு செப்டம்பர் 21 அமர்வின் முழு எழுத்துப்பதிவை எடுங்கள். அரசு அச்சகம் வெளியிடும் பதிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அன்றைய நிருபர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்க முடியாது. காலையில் கையில் கிடைக்கும் எழுத்துரைகளையும், அறையில் காதில் விழுந்ததையும் வைத்துத்தான் மாலைக்குள் எழுதியாக வேண்டும். அதனால் எழுத்துரையில் இருக்கும் அழுத்தமான வாக்கியம் தலைப்பாகும். கேள்வி நேரத்தில் அது தளர்ந்து போவது விடுபடும். படிக்கும்போது பென்சிலால் ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: ‘பார்த்தேன்’, ‘பார்த்தவர் சொன்னார்’, ‘இருந்திருக்கும்’. தமிழில் இது எளிது. சொன்னாராம், இருந்ததாம் என்று ‘ஆம்’ போட்டுப் பார்த்தாலே பிரிந்துவிடும். அந்த அமர்வில் வெல்டனும் தந்த எழுத்துரையை அப்படிக் குறித்துப் பார்த்தால், அட்டாவின் சார்ட் பற்றிய இடங்களில் ‘பார்த்தவர் சொன்னார்’ எவ்வளவு அடர்த்தி என்று தெரியும். அதை முடித்துவிட்டு ஜெய்டின் இரண்டு தெளிவுபடுத்தல்களையும் கிளைன்ஸ்மித்தின் அந்த ஒற்றைப் பதிலையும் படியுங்கள். ஐந்தாறு பக்கத்துக்கு மேல் போகாது.